மைசூர் தசரா: அறிவிப்பைப் படிப்போம், விழாவைப் பார்ப்போம்

மைசூர் பழமையான நகரம். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. உடையார் வம்சத்து அரசர்கள் ஆண்ட ஊர். 2014ஆம் ஆண்டிலிருந்து இதன் அரசுப் பெயர் மைசூரு. அறிவிப்புகளில் இந்தப் பெயரைக் காணலாம்.

நம் வீடுகளில் நவராத்திரி கொலு வைக்கும் நாட்களில் மைசூரில் தசரா நடக்கும். அங்கும் வீடுகளில் பொம்மை அடுக்குவார்கள். பத்தாம் நாள் விஜயதசமி. அன்றுதான் புகழ்பெற்ற யானை ஊர்வலம்.

அரசர் விழா மக்கள் விழா ஆனது

1610ஆம் ஆண்டில் ராஜ உடையார் என்ற அரசர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார். பிறகு விழா மைசூருக்கு வந்தது. அந்தக் காலத்தில் அரசர் தர்பாரில் சிம்மாசனத்தில் அமர்வார். பத்தாம் நாள் யானை மேல் அம்பாரியில் வருவார். மக்கள் தள்ளி நின்று வணங்குவார்கள்.

1971ஆம் ஆண்டில் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. காலம் மாறியது. இன்று அம்பாரியில் அரசர் வருவதில்லை. சாமுண்டீஸ்வரி அம்மன் சிலை வருகிறது. விழாவைக் கர்நாடக அரசு நடத்துகிறது. அரசுப் பணம் யாருடைய பணம்? மக்களின் வரிப்பணம். ஆகவே உழவருக்கும், கொத்தனாருக்கும், பூ விற்கும் அம்மாவுக்கும் இந்த விழாவில் உரிமை உண்டு.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று தெரிய வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குச் செலவு செய்து போகிறோம். தவறான நாளில் போனால் கூலியும் போச்சு, விழாவும் போச்சு.

பத்து நாளும் என்ன நடக்கும்?

முதல் நாள் சாமுண்டி மலையில் விழா தொடங்கும்.

மாலையில் அரண்மனையில் விளக்குகள் எரியும். ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள்! பழைய மர அரண்மனை 1897இல் தீயில் எரிந்துபோனது. இப்போது இருக்கும் அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முன்னால் மாலை வேளையில் இசையும் நடனமும் நடக்கும்.

மல்யுத்தப் போட்டி நடக்கும். மலர்க் கண்காட்சி, உணவு மேளா, இளைஞர் நிகழ்ச்சிகள் உண்டு. உழவர்களுக்கென்று தனி தசராவும் உண்டு. அதில் பால் கறக்கும் போட்டி வைப்பார்கள்.

தசராப் பொருட்காட்சி 1880ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. தசரா முடிந்த பிறகும் இது பல வாரங்கள் நடக்கும். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் அப்போது போகலாம்.

யானை ஊர்வலம்

யானைகள் காட்டு முகாம்களிலிருந்து பல வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். லாரி எடை போடும் மேடையில் அவற்றை நிறுத்தி எடை பார்ப்பார்கள். முதுகில் மணல் மூட்டை ஏற்றி நடக்கப் பழக்குவார்கள். பீரங்கிச் சத்தத்துக்கும் பழக்குவார்கள்.

ஏன் இவ்வளவு பயிற்சி? தங்க அம்பாரியின் எடை சுமார் 750 கிலோ. அதைச் சுமந்து, லட்சக்கணக்கான மக்களுக்கு நடுவே, யானை மிரளாமல் நடக்க வேண்டும். அர்ஜுனா என்ற யானை 2019 வரை அம்பாரியைச் சுமந்தது. 2020 முதல் அந்தப் பொறுப்பு அபிமன்யு என்ற யானைக்கு வந்தது.

ஊர்வலம் அரண்மனையில் புறப்பட்டுப் பன்னிமண்டபம் போகும். தூரம் சுமார் 5 கிலோமீட்டர். ‘பன்னி’ என்றால் கன்னடத்தில் வன்னி மரம். இரவில் பன்னிமண்டப மைதானத்தில் தீப்பந்த அணிவகுப்பு நடக்கும்.

அறிவிப்பில் நான்கு விவரம்

எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் நான்கு விவரங்களைத் தேடுங்கள்.

1. நாள். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கும். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2024இல் விஜயதசமி அக்டோபர் 12. 2025இல் அக்டோபர் 2. ஆகவே பழைய நோட்டீசை நம்பக் கூடாது. ஆண்டையும் படியுங்கள்.

2. நேரம். காலையா, மாலையா என்று பாருங்கள்.

3. இடம். அரண்மனையும் பன்னிமண்டபமும் வேறு வேறு இடங்கள். ஓரிடத்தில் நின்றுகொண்டு மற்றதைப் பார்க்க முடியாது.

4. கட்டணம். ஊர்வலத்தைச் சாலை ஓரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம். அரண்மனைக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். தெருவில் யாரோ நீட்டும் சீட்டை வாங்காதீர்கள். அறிவிப்பில் சொன்ன இடத்தில் மட்டும் வாங்குங்கள். சீட்டில் உள்ள நாளையும் விலையையும் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

அறிவிப்பு கன்னடத்தில் இருந்தால் என்ன செய்வது? பயப்பட வேண்டாம். நாள், மணி, கட்டணம் மூன்றும் எண்கள். அவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த 1, 2, 3 தான். இடத்தின் பெயரை மட்டும் போலீசாரிடமோ கடைக்காரரிடமோ கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கவனம்

குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், போன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று முன்பே பேசி வையுங்கள். மரத்திலும் பழைய கட்டடத்திலும் ஏறி நிற்காதீர்கள். யானையின் அருகில் போகாதீர்கள்.

பயிற்சி

இது பயிற்சிக்காக எழுதிய மாதிரி அறிவிப்பு. படியுங்கள்.

*மலர்க் கண்காட்சி. காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை. பெரியவர் 30 ரூபாய். சிறுவர் 20 ரூபாய். திங்கள்கிழமை விடுமுறை.*

விடை எழுதுங்கள்:

1. பெரியவர் இருவர், சிறுவர் இருவர் போனால் மொத்தம் எத்தனை ரூபாய்?
2. எந்தக் கிழமையில் போகக் கூடாது?
3. இந்த அறிவிப்பில் ஒரு முக்கியமான விவரம் விடுபட்டிருக்கிறது. அது என்ன?
4. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஓர் அறிவிப்பு எழுதுங்கள். நான்கு விவரங்களும் இருக்கட்டும். அதைப் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.