பள்ளம் இருக்கு, ஆனா ரயர் இருக்கா?



போன பொட்காஸ்ட் முடியிற நேரம் ஒரு தம்பியின் கேள்வி வந்தது. "அண்ணா, என்ர பைக்குக்குப் பின் ரயர் மாத்தோணும். 180 டொலருக்கும் இருக்கு, 260 டொலருக்கும் இருக்கு. எது கனகாலம் உழைக்கும்?" ரெண்டு நிமிசத்தில் பதில் சொல்லிப் பார்த்தோம், சரிவரவில்லை. அதால இந்தக் கிழமைப் பாடம் இதுதான்.

உதாரணத்துக்கு ரோயல் என்பீல்ட் இன்ரர்செப்டர் 650ஐ எடுப்போம். சென்னையில் செய்து வருகிற வண்டி, 648 சிசி. எல்-பிளேட்டில் ஓடக்கூடிய லாம்ஸ் பட்டியலிலும் இருக்கிறது. அதனால எங்கட பெடியள் பெட்டையள் கனபேரின் முதல் பெரிய வண்டி இதுதான். என்னுடையதும் அதே.

முதலில் என்ர பிழை

2023இல் மெல்பேர்னில் பழைய வண்டியாக வாங்கினேன். லொக்டவுன் காலம் முழுக்கக் கராஜில் நின்ற வண்டி, ஓடினது கொஞ்சம். ரயரில் பள்ளம் நல்ல ஆழம். ஆர்டபிள்யூசி சான்றிதழும் இருந்தது. "ரயர் புதுசு மாதிரி" எண்டு வித்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் கிழமை, பிரன்ஸ்விக்கில் சிட்னி ரோட்டில், தூறல் மழையில் ட்ராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது பின் சில்லு வழுக்கியது. முழங்கால் உரசினதோடு தப்பினேன். ஈரத் தண்டவாளம் எந்த ரயருக்கும் வழுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் ரயரில் இருந்த திகதி 3818. அதாவது 2018ஆம் ஆண்டின் 38ஆம் கிழமை. கிட்டத்தட்ட ஐந்து வயது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்ரிக் மாதிரி இருந்தது. காத்தும் குறைவு. பள்ளத்தை மட்டும் பார்த்து "ரயர் நல்லம்" எண்டு முடிவெடுத்தது என்ர பிழை.

ரயரின் பக்கத்தை வாசிக்கப் பழகுங்கோ

ரயரின் பக்கத்தில் 130/70-18 63 எச் என்று இருக்கிறது என்று வைப்போம். 130 என்பது அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் உயரம் என்று பொருள். 18 சில்லின் விட்டம், அங்குலத்தில். 63 என்றால் அந்த ரயர் 272 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். அளவு உங்கட வண்டிப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தவேணும். பாரமும் வேகமும் புத்தகத்தில் உள்ளதை விடக் குறையக்கூடாது. "அகலமான ரயர் போட்டால் வடிவு" எண்டு கூட்டாளி சொன்னால் கேக்காதேங்கோ.

டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பிறகு கடைசியில் வரும் நாலு இலக்கம்தான் பிறந்த திகதி: முதல் ரெண்டும் கிழமை, அடுத்த ரெண்டும் ஆண்டு. கடையில் மலிவு விலையில் கிடைக்கிற "புது" ரயர் மூன்று வருசம் இறாக்கையில் கிடந்ததாகவும் இருக்கலாம். காசு குடுக்க முதல் இந்த இலக்கத்தைக் கேளுங்கோ.

தேடுற இலக்கம் அச்சில் இல்லை

கார் ரயர்கள் பலவற்றில் தேய்மானத்துக்கு ஒரு இலக்கம் இருக்கும், 300, 500 என்று. அது அமெரிக்க விதியில் வந்தது, கார்களுக்கு மட்டும். மோட்டார் சைக்கிள் ரயருக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே "எத்தனை கிலோமீற்றர் உழைக்கும்" என்பதை ரயரின் வகையை வைத்துத்தான் மதிப்பிடவேண்டும்.

ஸ்போர்ட் ரயரின் ரப்பர் மெதுமை. நல்லாப் பிடிக்கும், கெதியாத் தேயும். குரூசர் ரயர் கடினம், கனகாலம் வரும், மழையில் பிடி குறையலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஸ்போர்ட்-ரூரிங். இதில் பல ரயர்களின் நடுப்பகுதியில் கடின ரப்பரும், சாயும்போது தரையைத் தொடும் ஓரங்களில் மெதுவான ரப்பரும் இருக்கும். நேராக ஓடும்போது நடு தேயும், வளைவில் ஓரம் பிடிக்கும். வேலைக்கும் போய், ஞாயிறு பிளாக் ஸ்பர் பக்கமோ ரோயல் நஷனல் பார்க் பக்கமோ போகிறவருக்கு இந்த வகைதான் பெரும்பாலும் பொருந்தும்.

எங்கட ரோட்டையும் கணக்கில் எடுக்கவேணும். நகரத்துக்கு வெளியே உள்ள அவுஸ்திரேலியத் தார் வீதிகளில் பெரும்பகுதி தார் தெளித்து, அதன் மேல் உடைத்த கல்லைப் பரப்பி உருட்டினவை. அந்தக் கரடு ரயரை அரம் மாதிரி அராவும். வேறு நாட்டுக்காரர் சொல்லும் கிலோமீற்றரை அப்படியே நம்பவேண்டாம்.

இப்ப கணக்கு

கீழே உள்ள விலைகளும் தூரங்களும் உதாரணத்துக்குத்தான். உங்கட இலக்கங்களைப் போட்டுப் பாருங்கோ. கம்பிச் சில்லு உள்ள வண்டிக்கு ரயரோடு ரியூப்பும் மாற்றுவது நல்லது. அதனால் பூட்டுக் கூலியும் ரியூப்பும் 80 டொலர் என்று வைப்போம்.

மலிவு ரயர்: 180 + 80 = 260 டொலர், 8,000 கிலோமீற்றர். ஆயிரத்துக்கு 32.50 டொலர்.

விலை கூடினது: 260 + 80 = 340 டொலர், 14,000 கிலோமீற்றர். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 24.30 டொலர்.

டன்டினோங்கில் இருந்து சிற்றிக்கு வேலைக்குப் போய், வருசம் 10,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு விலை கூடின ரயர்தான் லாபம். ரயர் மாத்துற சிலவும் அடிக்கடி வராது.

ஆனா பொறுங்கோ. வார இறுதியில் மட்டும் ஓடி, வருசம் 1,500 கிலோமீற்றர் போகிறவர் 14,000 ஐத் தொட ஒன்பது வருசத்துக்கு மேல் வேணும். ஆறு வருசத்தில் ரப்பர் கடினமாகி மாற்றினால் அவர் ஓடியது 9,000 தான். அப்ப 340 டொலர் ரயரின் ஆயிரம் கிலோமீற்றர் விலை ஏறத்தாழ 37.80 டொலர்! மலிவு ரயர் 8,000 ஐ முடிக்க ஐந்தரை வருசம் கூட ஆகாது. அவருக்கு அதுதான் சிக்கனம், மழைப்பிடி நல்லதாக இருந்தால். அதனால "எது கனகாலம் உழைக்கும்" எண்டு கேக்க முதல் "நான் வருசம் எவ்வளவு ஓடுறன்" எண்டு கேக்கவேணும்.

சும்மா கிடைக்கிற ஆயுள்

காத்து. காத்துக் குறைந்தால் ரயர் கூட வளையும், சூடேறும், ஓரம் தேயும். கூடினால் நடு மட்டும் தேயும். வெப்பம் 10 பாகை இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். மாசியில் சரியாக இருந்த ரயர் ஆனியில் குறைந்திருப்பது அதனால்தான். ஓட முதல், குளிராக இருக்கும்போது அளக்கவேண்டும். பின்னால் ஆள் ஏறினால் அளவு வேறு, புத்தகத்தில் இருக்கும்.

ஃப்ரீவேயில் நேராகவே ஓடினால் பின் ரயரின் நடு தட்டையாகும். பள்ளம் மிச்சம் இருந்தாலும் வளைவில் வண்டி சாயும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். அதுவும் ரயர் முடிந்ததற்கு ஒரு அடையாளம்.

எப்ப மாத்துறது?

சட்டப்படி பள்ளம் குறைந்தது 1.5 மில்லிமீற்றர். கவனம்: பல மோட்டார் சைக்கிள் ரயர்களில் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் 0.8 மில்லிமீற்றர் உயரம்தான். அது மட்டமாகும் வரை காத்திருந்தால் சட்டத்தை எப்பவோ தாண்டிவிட்டீர்கள். 20 சத நாணயத்தைப் பிளாட்டிபஸ் தலைகீழாகப் பள்ளத்தில் வையுங்கோ. ரயர் அதன் சொண்டைத் தொடாவிட்டால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்குக் குறைவு. அப்பவே புது ரயருக்கு விலை விசாரிக்கத் தொடங்கலாம்.

வயதைப் பொறுத்தவரை, ஐந்து வருசத்துக்குப் பிறகு வருசாவருசம் காட்டிப் பார்க்கவும், பத்து வருசத்தில் எப்படி இருந்தாலும் கழற்றவும் என்பதே பல ரயர் நிறுவனங்களின் அறிவுரை. சிட்னியில் ஐந்து வருசம் தாண்டின வண்டிக்கு ஆண்டுதோறும் பிங்க் ஸ்லிப் இருக்கு, ஒராளாவது ரயரைப் பார்ப்பார். மெல்பேர்னில் விற்கும்போதுதான் ஆர்டபிள்யூசி. நடுவில் ஒருத்தரும் பார்க்கமாட்டினம். நீங்கள்தான் பார்க்கவேணும்.

புது ரயர் பூட்டினால் முதல் 150 கிலோமீற்றர் மெதுவா ஓடுங்கோ. மேற்பரப்பு வழுக்கும்.

வீட்டுப்பாடம்

1. ரெண்டு ரயரின் பிறந்த திகதியையும் எழுதுங்கோ.
2. நாளைக்குக் காலை, ஓட முதல், காத்தை அளவுங்கோ.
3. போன வருசம் ஓடின கிலோமீற்றரைப் பார்த்து, மேலே உள்ள கணக்கைச் செய்யுங்கோ.

பைக் இல்லாத ஆக்கள் அப்பாவின் காரில் முதல் ரெண்டையும் செய்யலாம். எவ்வளவு பழைய திகதி கண்டீங்கள் எண்டு பதில் போடுங்கோ, அடுத்த கிழமை வாசிப்போம். என்னுடைய 3818 ஐ யார் முந்துறீங்கள் எண்டு பாப்பம்!