சயனைடு மேட்டில் செடிக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: தங்கச் சுரங்கக் கழிவு குவிந்து கிடக்கும் எங்கள் ஊர் சயனைடு மேடுகளில் ஒன்றும் முளைக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அங்கங்கே புல்லும் புதரும் தெரிகின்றன. விஷ மண்ணிலேயே கிடந்து செடிகளின் மரபணு மாறிவிட்டதா?
- ஒரு வாசகர், மாரிகுப்பம், கோலார் தங்கவயல்

பதில்: சயனைடைச் சமாளிக்க மரபணு மாறவேண்டிய தேவையே இல்லை. சயனைடைக் கொண்டு பொன்னைப் பிரிக்கும் முறையை மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோவில் கண்டுபிடித்தது 1887-ல். செடிகளோ அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சயனைடைத் தாமே உண்டாக்கி வருகின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் கோலார் தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். காய் பழுக்க எத்திலீன் வாயு வேண்டும். செடி அதை உண்டாக்கும் கடைசிப் படியில், ஒவ்வொரு எத்திலீன் மூலக்கூறோடும் ஒரு சயனைடு மூலக்கூறு கூடவே பிறக்கிறது. வறட்சி, காயம், நோய் என எது வந்தாலும் எத்திலீனுக்கான மரபணுக்கள் முடுக்கம் பெறும், சயனைடும் ஏறும். அப்படியே விட்டால் செடியின் சுவாசம் நின்றுபோகும். அதைத் தடுக்க மைட்டோகாண்ட்ரியாவில் பீட்டா சயனோஅலனின் சிந்தேஸ் என்றொரு நொதி இருக்கிறது. (பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.) அது சயனைடைச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரிய வைக்கும்; அடுத்த படியில் வேறொரு நொதி, அதில் கிடைப்பதை அஸ்பராஜினாக்கும். விஷம் போனது, தழைச்சத்து மிச்சம்!

இந்த நொதியின் மரபணுவுக்கும் பூர்வீகம் உண்டு. சிஸ்டீனைத் தயாரிக்கும் மரபணு எப்போதோ இரட்டித்து, அதில் ஒரு நகல் வேலை மாறிக்கொண்டது.

சில பயிர்களுக்கு இந்த விஷம் ஆயுதமாகவும் பயன்படுகிறது. வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் விவரமறிந்தவர்கள் மாட்டை மேயவிட மாட்டார்கள். வறட்சியில் அதன் சயனைடுச் சேர்மம் கூடும். நெல்லைக் குலைநோய்ப் பூஞ்சை தாக்கும்போது, எத்திலீனோடு பிறக்கும் சயனைடு அந்தப் பூஞ்சையைத் தடுக்க உதவுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் மேடு இத்தனை காலம் மொட்டையாகக் கிடந்தது? பெயர்தான் சயனைடு மேடு. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடில் பெரும்பகுதி சிதைந்துவிடும். செடியை வாட்டுவது மற்ற சங்கதிகள். மாவாக அரைத்த பாறைத்தூளில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை. போதாததற்கு உப்பும் கன உலோகங்களும்.

உலோக விஷயத்தில் உங்கள் ஊகம் முழுத் தவறும் அல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், சுரங்கக் கழிவு மண்ணில் வளரும் புல் இனங்கள் உலோகத்தைத் தாங்குபவையாக மாறியிருப்பதை ஆந்தனி பிராட்ஷா என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து காட்டினார். அங்கும் விஷம் மரபணுவை மாற்றிவிடவில்லை. ஏற்கெனவே தாங்கும் தன்மையிருந்த சில விதைகள் தப்பின, மற்றவை மடிந்தன, அவ்வளவுதான்.

சாதாரணச் செடிகளிடமும் ஓர் ஏற்பாடு உண்டு. பைட்டோகெலாட்டின் எனும் குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள் உலோகத்தைப் பிடித்து, செல்லுக்குள் இருக்கும் பையில் அடைத்துவைக்கும். அடைத்தது எங்கும் போய்விடாது. வேரிலும் இலையிலும்தான் இருக்கும். ஆகவே பச்சை தெரிகிறதே என்று மேட்டில் ஆடு மேய்ப்பதையோ கீரை பறிப்பதையோ நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.