முதலில் மந்தை, பிறகு உரிமம்

2022-23 குளிர்காலம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ப்ராங்ஹார்ன் மான்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. சப்லெட் மந்தையில் பாதிக்கு மேல் போயிற்று. பனிக்குத் தப்பியவற்றிலும் நூற்றுக்கணக்கானவை பைன்டேல் வட்டாரத்தில் மைகோபிளாஸ்மா போவிஸ் கிருமியால் வந்த நிமோனியாவில் மடிந்தன. அடுத்த பருவத்துக்கான வேட்டை உரிமங்களை மாநில வனவிலங்குத் துறை ஆயிரக்கணக்கில் வெட்டியது. இப்படி ஒரு குளிர்காலத்துக்குப் பின் முதல் வேட்டைக்குத் திட்டமிடுகிறவர் வழக்கமாக ரைஃபிள், தோட்டா, தொலைநோக்கி என்றுதான் விசாரிக்கத் தொடங்குவார். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்த மந்தை அடிவாங்கியது, எது தப்பியது, தப்பியதில் எந்த வயது மான்கள் குறைந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமே அமைந்துவிடும்.

சாவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. ப்ராங்ஹார்ன் குளிர்காலத்தைக் கழிப்பது சேஜ் புதரின் இலையைத் தின்று. புதர் மூழ்கப் பனி பெய்து, அதன் மேல்பரப்பு இறுகியும்விட்டால் மானுக்குத் தீனி இல்லை. நகர்ந்துதான் ஆக வேண்டும். மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்த விலங்கு வேலி தாண்டுவது அபூர்வம். முள்கம்பியின் கடைசி இழைக்கடியில் முதுகு உரசக் குனிந்து நுழைவதுதான் அதன் பழக்கம். பனி அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் மந்தை வேலியோரமே நின்று பட்டினி கிடக்கும். அதனால்தான் அந்த ஆண்டு பனி அதிகம் விழுந்த, மாநிலத்தின் தென்மேற்கும் தென்நடுப் பகுதியும் பெரிதும் அடிபட்டன. வடகிழக்குப் புல்வெளிகள் அந்த அளவுக்கு அடிபடவில்லை. எனவே முதல் வேலை, பிப்ரவரியிலிருந்து துறை வெளியிடும் குளிர்கால அறிக்கைகளைப் பகுதிவாரியாகப் படிப்பது. கண்காணிப்புக் கழுத்துப்பட்டை மாட்டிய மான்களில் எத்தனை இறந்தன என்று பாருங்கள். கூடவே முந்தைய ஆகஸ்ட் கணக்கெடுப்பில் நூறு பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள், எத்தனை கிடாக்கள் இருந்தன என்றும் பாருங்கள். ஒரே ஒரு குளிர்காலத்தைப் படித்தால் போதாது. கடும்பனியில் முதலில் சாவது குட்டிகள். அந்த வயதுக் கூட்டம் இல்லாமல் போனால் அடுத்த ஆண்டு இளங்கிடாக்கள் குறையும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து முதிர்ந்த கிடாக்கள் குறையும். நடுவில் வந்த குளிர்காலம் மிதமானதாக இருந்தாலும் அந்தப் பள்ளம் மறையாது.

அடுத்தது உரிமத்தின் வகை. கிடாவுக்கான உரிமம் கிடைப்பது கடினம். பெட்டைக்கும் குட்டிக்குமான உரிமம் மலிவு, எளிதில் கிடைக்கும். புதியவர்கள் அதில்தான் விழுவார்கள். மந்தை கொழித்து, குதிரைமசால் வயல்களில் மேயுமளவுக்குப் பெருகிய இடத்தில் அதில் தப்பே இல்லை. சுருங்கிய மந்தையில் கணக்கு வேறு. பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும். ஆக, ஒரு கிடாவை எடுத்தால் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை அநேகமாகக் குறையாது. ஒரு பெட்டையை எடுத்தால் மூன்று போகும். வெளிமாநிலத்தார் ஜூன் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுக்குரிய உரிமங்களில் முக்கால் பங்கு, ஆண்டுதோறும் வாங்கிச் சேர்க்கும் முன்னுரிமைப் புள்ளி அதிகம் வைத்திருப்பவர்களுக்கும் மீதி வெறும் குலுக்கலிலும் போகும். மனதுக்குப் பிடித்த வேட்டைப் பிரிவு அடிபட்டிருந்தால் இந்த ஆண்டு புள்ளியை மட்டும் வாங்கிவைத்துக் காத்திருப்பதே என் பரிந்துரை. ஓர் எச்சரிக்கை: குலுக்கலில் சுலபமாகக் கிடைக்கும் பிரிவு பல நேரம் தனியார் பண்ணை நிலமாகவே இருக்கும். பொதுநிலம் எவ்வளவு என்று வரைபடத்தில் பார்த்து, தேவையானால் பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். உரிமத்தை வாங்கிவிட்டு நிலம் தேடுகிறவர் கடைசியில் வேலிக்கு வெளியே நிற்பார்.

மந்தையே நொந்து கிடக்கையில் வேட்டை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்த நமக்கு அதுதான் முதலில் தோன்றும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பத்தாயிரமாகச் சுருங்கியிருந்த ப்ராங்ஹார்ன் பின்னர் பல லட்சமாக மீண்டது. அதற்கான ஆய்வும் கண்காணிப்பும் நடந்ததில் உரிமக் கட்டணங்களுக்கும், அமெரிக்காவின் 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரிக்கும் பெரும் பங்கு உண்டு. இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு: துறை கணக்குப் போட்டுத்தானே உரிமம் தருகிறது, வேட்டைக்காரன் ஏன் கவலைப்பட வேண்டும்? துறையின் கணக்கு ஒரு பெரிய பரப்பின் சராசரி. அதுவும் வசந்தகாலத்தில் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பரவும் நோய் அதில் வராது. சட்டம் அனுமதிப்பது உச்ச வரம்பு. அதை எட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

களத்தில் இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது அடையாளம் காணும் கண்ணும் பொறுமையும். பெட்டைக்கும் சிறு கொம்பு இருக்கலாம் என்பதால் கொம்பை மட்டும் நம்பக் கூடாது. கிடாவின் தாடையில் காதுக்குக் கீழே கரிய திட்டு இருக்கும். அதைப் பைனாகுலரில் பார்த்த பிறகே ரைஃபிளைத் தொடுங்கள். மார்பில் குறிவைக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். தொலைவிலிருந்து சுட்டால் சமவெளிக் காற்று தோட்டாவை அதைவிட அதிகம் தள்ளிவிடலாம். ஆகவே இருநூறு மீட்டருக்குள் தவழ்ந்து போகப் பழகுங்கள். அங்கே தரையெல்லாம் கள்ளி, முழங்கால் உறை அவசியம். ப்ராங்ஹார்ன்கள் நெருங்கி நிற்பவை. ஒன்றைத் துளைத்த தோட்டா பின்னால் நிற்கும் பெட்டையையும் சாய்க்கும். கிடா தனித்து நிற்கும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. ஓடும் மந்தையை வண்டியில் விரட்டுவது சட்டவிரோதம், இறைச்சியும் கெடும். ‘ஆட்டு வாடை’ என்று பழிக்கப்படும் இறைச்சி பெரும்பாலும் செப்டம்பர் வெயிலில் தோலோடு கிடந்ததாகவே இருக்கும். உடனே தோலுரித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். பாலினத்துக்கான சான்றை உடலிலிருந்து பிரிக்காதீர்கள். பருவம் முடிந்ததும் துறை அனுப்பும் வேட்டைக் கணக்கெடுப்புப் படிவத்தை, எதுவும் சுடாமல் திரும்பியிருந்தாலும், நிரப்பி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு எத்தனை உரிமம் என்று முடிவு செய்யும்போது அந்த விடைகளும் மேசையில் இருக்கும்.