டைனோசர் எப்படி நகரும்?

அக்கா மகன் ஏழாம் வகுப்பு. கோடை விடுமுறைக்கு வந்தவன், செஸ் போர்டில் ராணி நிற்க வேண்டிய கட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை நிறுத்தினான்.

"மாமா, இது எங்க வேணா போகும், எத வேணா வெட்டும். இத யாரும் வெட்ட முடியாது."

"அப்ப நான் எப்படிடா ஜெயிக்கறது?"

"நீங்களும் ஒண்ணு வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன். வெள்ளை அவனுடையது. முதல் நகர்விலேயே அவன் டைனோசர் என் ராஜாவைத் தின்றுவிட்டது. ஆட்டம் முடிந்தது.

புதுச் சதுரங்கம் அமைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடம் இதுதான். டேவிட் பிரிச்சர்ட் 1994-ல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் 1,400-க்கும் மேற்பட்ட சதுரங்க வகைகள் உண்டு. அவற்றில் பலவற்றை, கண்டுபிடித்தவரும் அவர் வீட்டாரும் தவிர யாரும் ஆடியிருக்க மாட்டார்கள் என்று தாராளமாக ஊகிக்கலாம். காயின் பெயரும் பொம்மையும் கண்ணைப் பறிக்கும், நகர்வு மட்டும் நினைவில் நிற்காது. ஆகவே எந்த வழியில் புது ஆட்டம் அமைப்பது என்று பார்ப்பதற்கு முன் ஒரு உரைகல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயரைச் சொன்னதுமே அந்தக் காய் எப்படி நகரும் என்று பாதியாவது ஊகிக்க முடிகிறதா?

இதற்கு நான் கண்ட மிக நல்ல உதாரணம் கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழையது. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இங்கே ஆடப்பட்ட சதுரங்கத்தில் யானை நேர் முன்னால் ஒரு கட்டமோ, நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு கட்டமோ போகும் என்று குறித்திருக்கிறார். மொத்தம் ஐந்து கட்டம். ஒரு தும்பிக்கை, நான்கு கால். ஒருமுறை கேட்டவன் மறப்பானா? தாய்லாந்தின் மக்ருக் ஆட்டத்தில் 'கோன்' என்ற காய் இன்றும் இப்படியே நகர்கிறது. ஜப்பானிய ஷோகியின் வெள்ளித் தளபதிக்கும் இதே நகர்வுதான்.

பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா போன யானைக்கு வேறு நகர்வு. அது மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாண்டிக் குதிக்கும். கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பாருங்கள்: 64 கட்டத்தில் அந்த யானையால் மிதிக்க முடிந்தது எட்டே எட்டு. பலகையில் உள்ள நான்கு யானைகளும் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்காது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர்கள் அதை இன்றைய பிஷப்பாக மாற்றிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. (மூலையில் நிற்கும் காயை யானை என்று சொல்லி வளர்ந்தவன் நான். குழப்பம் வேண்டாம் என்று இங்கே அதைக் கோட்டை என்றே எழுதுகிறேன்.)

சீனர்களின் சியாங்சியில் யானை ஆற்றைத் தாண்டாது. பலகையின் நடுவே ஆறு ஓடுகிறது, யானை தன் கரையைக் காப்பதோடு சரி. அதே ஆட்டத்தின் பீரங்கி இன்னும் அழகு. கோட்டையைப் போல நேராக நகரும், ஆனால் வெட்ட வேண்டுமானால் இடையில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும். அதன் தலைக்கு மேல் குண்டு பறந்துபோய் அப்பால் இருப்பதை அடிக்கும். இடையில் நிற்பது தன் காயா எதிரி காயா என்று பீரங்கி பார்ப்பதில்லை. கருப்பொருளும் நகர்வும் இப்படி ஒட்டிக்கொண்டால் விதிப்புத்தகமே தேவைப்படாது.

இனி வழிகளுக்கு வருவோம். முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியது, ஆடுவதற்கா, புதிர் போடுவதற்கா என்று. புதிருக்கு என்றால் கட்டுப்பாடே இல்லை. இங்கிலாந்தின் டி. ஆர். டாசன் உருவாக்கிய வெட்டுக்கிளி, ராணியின் கோடுகளில் ஏதாவது ஒரு காயைத் தாண்டி அதற்கு அடுத்த கட்டத்தில் குதிக்கும். தாண்ட ஒன்றும் இல்லையென்றால் அசையாது. முழு ஆட்டத்தில் எரிச்சலூட்டக்கூடிய இந்தக் காய், மூன்று நகர்வில் மேட் வகைப் புதிர்களில் அற்புதங்கள் செய்கிறது. தனியாக உட்கார்ந்து யோசிப்பதில் சுகம் காண்பவர் இந்தப் பக்கம் போகலாம். எதிரே ஒருவர் உட்கார வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

மிகப் பழகிய வழி, இரண்டு காய்களை ஒட்டி ஒரு காய் செய்வது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்த ஒன்று, கோட்டையும் குதிரையும் சேர்ந்த ஒன்று. 1617-லேயே இத்தாலியின் பியெத்ரோ கரேரா இதைச் செய்துவிட்டார். உலகச் சாம்பியனாக இருந்த கபபிளாங்கா 1920-களில் பத்துக்கு எட்டுப் பலகையில் இவற்றை வைத்து ஆடினார். 2007-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் யாசர் செய்ராவன், புரூஸ் ஹார்ப்பருடன் சேர்ந்து, அதே காய்களை 64 கட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். முதலில் அவை பலகைக்கு வெளியே காத்திருக்கும். பின்வரிசைக் காய் ஒன்று முதன்முறையாக நகரும்போது, அது விட்டுப்போன கட்டத்தில் புதுக் காயை இறக்கலாம். பின்வரிசை முழுக்க நகர்ந்த பிறகும் இறக்கவில்லையென்றால் வாய்ப்பு போயிற்று.

நகர்வு ஒன்றுதான், பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறியது. பிஷப்-குதிரைக் காயைக் கபபிளாங்கா ஆர்ச்பிஷப் என்றார், செய்ராவன் பருந்து என்றார். கரேரா வைத்த பெயர் சென்டார், அதாவது பாதி மனிதன் பாதி குதிரை. நானூறு வருடமாகியும் அதைவிட நல்ல பெயரை யாரும் வைக்கவில்லை என்பது என் தீர்ப்பு. பெயரிலேயே குதிரை இருக்கிறதே! காயின் வலிமையும் நாம் நினைப்பதைவிட அதிகம். மூலையில் மாட்டிய ராஜாவிலிருந்து மூலைவாட்டில் ஒரு கட்டம் விட்டு அடுத்த கட்டத்தில் இந்தக் காயை வையுங்கள். துணைக்கு யாரும் வேண்டாம், அது ஒன்றே மேட்.

ஓப்பனிங்குகளை மனப்பாடம் செய்து அலுத்துப்போன இரண்டு நல்ல ஆட்டக்காரர்களுக்கு நான் செய்ராவன் வழியையே சொல்வேன். கபபிளாங்காவின் வரிசையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு: வெள்ளையின் வலப்புறத்திலிருந்து இரண்டாவது சிப்பாய்க்குத் தொடக்கத்தில் பாதுகாப்பே இல்லை. நீங்கள் அமைக்கும் ஆட்டத்திலும் காய்களை அடுக்கியவுடன் ஒவ்வொரு சிப்பாயையும் விரல் வைத்துக் காட்டி, "உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேளுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

பலகையையே பெரிதாக்கும் வழிக்கு ஆசைப்படாதவர் குறைவு. காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் 1283-ஆம் ஆண்டு விளையாட்டு நூலில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பலகை இருக்கிறது. முதலை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் எல்லாம் அதில் உலவும். தைமூர் பெயரால் வழங்கும் ஆட்டத்தில் ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. கேரி கைகாக்ஸ் 1985-ல் வெளியிட்ட டிராகன் செஸ், வானம், தரை, பாதாளம் என்று மூன்று அடுக்கு. ஆளுக்கு 42 காய். பாதாளத்துப் பாம்பு அரக்கன் தனக்கு நேர் மேலே தரையில் நிற்கும் எதிரியை உறையவைப்பதைப் படிக்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடுவது வேறு விஷயம். எட்டு வரிசையைக் கடக்கக் குதிரைக்கு நான்கு நகர்வு போதும், பன்னிரண்டு வரிசைக்கு ஆறு வேண்டும். காய்கள் ஒன்றையொன்று எட்டுவதற்குள் காப்பி ஆறிவிடும். முதல் முயற்சிக்கு இந்த வழி வேண்டாம்.

நகர்வை விட்டுவிட்டு வெட்டும் முறையை மாற்றுவது அடுத்த வழி. அறிவாளிகளைக் கவர்ந்து கவிழ்க்கும் வழியும் அதுதான். 1962-ல் ராபர்ட் அபாட் அமைத்த அல்டிமாவில், ராஜாவும் சிப்பாய்களும் தவிர எல்லாக் காய்களும் ராணியைப் போலவே நகரும். வெட்டுவதில்தான் வேறுபாடு. ஒன்று தாண்டி வெட்டும். இன்னொன்று எதிரியை ஒட்டி நின்று, நேர் எதிர்த்திசையில் விலகிப்போனால் அந்த எதிரி காலி. சிப்பாய்கள் இரண்டு பக்கமும் நெருக்கி வெட்டும். உறைவிப்பான் வெட்டுவதே இல்லை, பக்கத்தில் நிற்கும் எதிரிகளை அசையவிடாது. பச்சோந்தி எதை வெட்டுகிறதோ அதன் பாணியிலேயே வெட்டும். பச்சோந்திக்கு அதைவிடப் பொருத்தமான வேலை ஏது? தனிக் காய்களும் தேவையில்லை. கோட்டைகளில் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் உறைவிப்பான்.

இவ்வளவு இருந்தும் பின்னாளில் அபாட்டே இதில் குறை கண்டார். தெளிவு போதாது என்பது அவர் எண்ணம். ஆடிப் பார்த்தால் புரியும். எல்லாம் ராணிபோல் நகர்வதால் பலகையைப் பார்த்து எந்தக் காய் எதற்கு ஆபத்து என்று கண்ணால் சொல்ல முடிவதில்லை, ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட வேண்டும். தோற்றவனுக்கு எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாவிட்டால் இன்னொரு ஆட்டம் கேட்க மாட்டான். எனவே வெட்டும் முறையை மாற்ற ஆசையிருந்தால் ஒரே ஒரு காய்க்கு மாற்றுங்கள், மற்றவை பழையபடியே இருக்கட்டும்.

எதிரெதிர்ப் படைகள் வேறுவேறாக இருக்கட்டுமே என்று தோன்றுவதும் இயல்பு. நம் ஆடுபுலி ஆட்டமே அப்படித்தான்: மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் வழியை அடைக்கும். கருப்பொருளில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் சமநிலை காண்பது படாதபாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டமான 'மகாராஜாவும் சிப்பாய்களும்' ராணியும் குதிரையும் சேர்ந்த ஒற்றை மகாராஜாவை முழுப் படையோடு மோதவிடுகிறது. படைப்பக்கம் நிதானமாக ஆடினால் மகாராஜாவுக்கு விமோசனமே இல்லை. ரால்ஃப் பெட்சா 1970-களின் இறுதியில் தொடங்கிய 'வெவ்வேறு படைகள்' ஆட்டத்தைச் சீர்செய்யப் பல வருடம் உழைத்தார். அவ்வளவு பொறுமை இருப்பவர்கள் மட்டும் இங்கே வரலாம்.

கடைசி வழியில் காய்களைத் தொடவே மாட்டோம். 2021-ல் டார்ட்மண்ட் நகரில் ஆனந்தும் கிராம்னிக்கும் கேஸ்லிங் என்ற ஒரே ஒரு விதியை நீக்கிவிட்டு ஆடினார்கள், நான்கு ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். கருப்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு வி. ஆர். பார்ட்டன் 1953-ல் அமைத்த ஆலிஸ் செஸ் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பலகை. ஒரு பலகையில் நகர்ந்த காய், நகர்ந்து முடித்ததும் மற்றப் பலகையில் அதே கட்டத்துக்குப் போய்விடும். கண்ணாடிக்குள் நுழைந்த சிறுமியின் கதையை ஒரு பொம்மைகூட இல்லாமல் சொல்லிவிட்டார் மனிதர்.

ஆனால் வீட்டில் குழந்தைகளோடு ஆட, டிம் பால்டன் 2016-ல் கண்டுபிடித்த வாத்து செஸ்தான் என் முதல் தேர்வு. பலகையில் ஒரு வாத்து. அது யாருடையதும் இல்லை, யாரும் வெட்டவும் முடியாது. உங்கள் நகர்வை முடித்ததும் வாத்தைத் தூக்கி வேறொரு காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும், வழி அடைபடும். குதிரை மட்டும் அதைத் தாண்டும். செக் சொல்லும் வழக்கம் இல்லை, ராஜாவையே வெட்ட வேண்டும். வாத்து செய்கிறதெல்லாம் குறுக்கே நிற்பதுதான். வாத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? அரை நிமிடத்தில் சொல்லித்தரலாம். வாத்து பொம்மை இல்லையென்றால் உப்பு டப்பா போதும்.

எந்த வழியில் போனாலும் சோதனை ஒன்றே. புதுக் காயை நடுவில் வைத்து எத்தனை கட்டம் போகும் என்று எண்ணுங்கள், பிறகு மூலையில் வைத்து எண்ணுங்கள். அதற்கு எட்டாத கட்டம் உண்டா என்று பாருங்கள். அதுவும் ராஜாவும் மட்டும் மிஞ்சினால் மேட் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருளில் புது ஆட்டங்களின் விதியை ஓர் எழுத்துக் கோப்பில் குறித்துக் கொடுத்தால் அதுவே ஆடிக் காட்டும், எல்லா விசித்திரங்களையும் அது ஏற்காது என்றாலும். இரண்டு மனிதர்கள் பத்து ஆட்டம் ஆடுவதற்கு அது மாற்று இல்லை.

எங்கள் டைனோசருக்கு வருகிறேன். ராணியைத் திரும்ப அழைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிஷப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைனோசரை வைத்தோம். கனமான உடம்பு, ஆகவே எந்தப் பக்கமும் ஒரு கட்டம்தான் நகரும். நீளமான கழுத்து, ஆகவே நேராகவோ மூலைவாட்டிலோ சரியாக இரண்டு கட்டம் தள்ளி இருப்பதை நின்ற இடத்திலிருந்தே தின்னும். இடையில் காய் இருந்தால் கழுத்து நீளாது, காலடியில் இருப்பது அதன் கண்ணில் படாது. முதல் மூன்று ஆட்டத்தில் அது நின்ற இடத்திலேயே நின்று ஊரை அழித்தது. நான்காவது ஆட்டத்தில் அவனே ஒரு விதி சொன்னான்: தின்றால் அடுத்த முறை டைனோசர் தூங்கும், செரிக்க வேண்டுமல்லவா. காயைப் படுக்க வைத்துவிடுகிறோம், ஒரு சுற்றுக்குப் பிறகு நிமிர்த்துகிறோம். தூங்கும்போது அதை வெட்டலாம்.

இப்போதைக்கு டைனோசரின் மதிப்பு நான்கு சிப்பாய் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அவன் ஐந்து என்கிறான்.