அம்மாவுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. அம்மாவுக்கு 62 வயது. யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டன. மனச்சோர்வு என்று சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இதற்கு நாயை வைத்துச் சிகிச்சை தருகிறார்களாமே? ஒரு குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நாய் சிகிச்சைக்குத் துணை நிற்கும், சிகிச்சைக்கு மாற்றாகாது.

அந்தத் துணையின் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன், அவருடைய நாய் ஜிங்கிள்ஸுடன் மட்டும் விளையாடத் தொடங்கினான். பிறகு மெல்ல அவரிடமும் பழகினான். 1962-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். மனம் சோர்ந்தவருக்கு, "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே பாரம். நாய் எதையும் கேட்பதில்லை. பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அதைத் தடவிக்கொண்டிருக்கையில் உடலின் இறுக்கமும் தளரும்.

ஆனால் சிகிச்சைக்கு வரும் நாய் வேறு, வீட்டுக்கு வாங்கும் குட்டி வேறு. முன்னது வளர்ந்த, சாதுவான, தடுப்பூசி போட்ட நாய். பழக்கியவர் கூடவே வருவார். சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்ப அழைத்துப் போவார். குட்டியோ ராத்திரியில் கத்தும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும், செருப்பைக் கடிக்கும். எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவர் இதை எப்படிச் சமாளிப்பார்? "இதைக்கூட என்னால் பார்த்துக்க முடியலையே" என்ற குற்றவுணர்வுதான் மிஞ்சும். மனச்சோர்வில் குற்றவுணர்வு ஏற்கெனவே அதிகம்.

முதலில், நாய் பிடிக்குமா, பயமா என்று அம்மாவிடமே கேளுங்கள். பிடிக்கும் என்றால், பழக்கமான வீட்டில் உள்ள சாதுவான நாயோடு மாலையில் பத்து நிமிடம் நடக்க அழைத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். வெளிக்காற்று, நடை, தெருவில் நாலு பேர் முகம் எல்லாமே அவருக்கு நல்லது.

மாத்திரையின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அம்மா தேறி, தானாக "அது இன்னைக்கு வரலையா?" என்று கேட்கும்போது, சொந்தமாக ஒன்று வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் குட்டி வேண்டாம்; வளர்ந்த நாயே காப்பகத்தில் கிடைக்கும். அதன் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அன்பு மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

"வாழ்ந்து என்ன பயன்" என்பதுபோல் எப்போதாவது பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.