ரிப்பேருக்குப் பின் உறையும் லேப்டாப்

கேள்வி: ஃபேன் சத்தம் போடுகிறதென்று லேப்டாப்பைக் கடையில் கொடுத்தேன். கூடவே 8 ஜிபி ராமும் போட்டுத் தந்தார்கள். இப்போது அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது. மௌஸ்கூட அசைவதில்லை. ஃபார்மட் செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் எடுத்துவையுங்கள். என் சந்தேகம் புது ராம் மேல்தான். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ தேடி ஓட்டுங்கள். பிழை காட்டாவிட்டாலும் நம்பிவிட வேண்டாம். புது ராமைக் கழற்றச் சொல்லி, பழையதோடு இரண்டு நாள் வேலை பாருங்கள். நிற்கவில்லையென்றால் ஆள் அகப்பட்டான். சில சமயம் ராமில் குறையிருக்காது, ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது. பக்கவாட்டுக் கொக்கிகள் இரண்டும் ‘டக்’கென்று பூட்ட வேண்டும்.

அப்படியும் நின்றால், சூடு. பல மாடல்களில் ஃபேனோடு ஹீட்சிங்கும் கழன்றுவரும். பிராசசருக்கும் அதற்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவாமல் மூடினால் பிராசசர் கொதிக்கும். “பேஸ்ட் மாத்துனீங்களாண்ணே?” என்று கடையில் கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.