கருவிழியிற் படியும் மணல்

நம் வகுப்பறைகளில் மூக்குக்கண்ணாடி யணிந்தோர் தொகை பெருகி வருதலை யாவரும் காண்கின்றோம். அவருட் சிலர், படிப்பு முடிந்ததும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் களைந்துவிடலாம் என்று எண்ணியிருப்பர். முன்னரே செய்துகொண்ட பழைய மாணவரும் உளர். அச்சிகிச்சை பெரும்பாலார்க்கு நன்மையே பயக்கின்றது. எனினும், அதன்பின் அரிதாகத் தோன்றும் ஓரழற்சியைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம். அரிதான தொன்றை அறிவானேன் எனின், அது தொடக்கத்தில் நோவும் சிவப்பும் பெரிதும் இன்றியே வந்துவிடும் என்பதே விடை.

கண்ணின் முன்புறத்தே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோற் கவிந்து நிற்கும் தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர். நாம் அதனைக் கருவிழிப்படலம் என்போம். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டரினும் சிறிதே மிகும். இரத்தக்குழாய் ஒன்றேனும் அதன் நடுவே செல்வதில்லை. சென்றால் தெளிவு கெடும். அதன் பெரும்பகுதி, கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளாலாய மெல்லிய தகடுகள், வாழைமரத்தின் பட்டைகள்போல, ஒன்றன்மே லொன்றாய் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பெற்றதாகும். அடுக்கப்பட்ட பொருளை இடையே பிரித்தெடுக்கலாம் அன்றோ? லேசர் சிகிச்சையும் அதன்வழி வரும் இடரும் இவ்வொன்றினின்றே பிறக்கின்றன.

இவ்வாறு பிரித்துப் படலத்தின் வளைவைத் திருத்தலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுவிற் காட்டியவர், தென்னமெரிக்காவின் போகோட்டா நகரிற் பணிசெய்த ஹோசே பராக்கர் என்னும் கண்மருத்துவர். அவர் அமைத்த கருவி தச்சனின் இழைப்புளியை ஒத்தது. லேசரின் வரலாற்றிலோ நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. 1929-ல் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், முந்தைய நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் இறைச்சியை ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்திற்குக் கொணர்ந்து, அதன்மேல் எக்ஸைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அவ்வொளி, சுற்றியுள்ள தசையைக் கருக்காமலே தான் பட்ட இடத்தை மட்டும் நுண்ணிதாகச் செதுக்கிற்று. விருந்தின் மிச்சம் இத்துணைப் பயன்பட்டது பிறிதொருகால் உண்டோ அறியோம்! 1983-ல் அவரும் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் மருத்துவரும் கருவிழிப்படலத்தையும் அவ்வாறே செதுக்கலாம் என வெளியிட்டனர். 1990-ஐ யொட்டிக் கிரீட் தீவிலுள்ள பல்லிகாரிஸ், முன்னவரின் சீவலையும் பின்னவரின் ஒளியையும் ஒன்றாக்கினார். அதுவே லேசிக்.

இம்முறையில் படலத்தின் மேற்பாகம் மெல்லியதொரு மடலாகச் சீவப்படும். ஒருபுறம் அறுபடாது கீல்போல் நிற்கும். மடலைப் புரட்டி, அடியிலுள்ள பகுதியை லேசராற் செதுக்கி, மடலை மீண்டும் படிய வைப்பர். தையலில்லை. மறுநாளே பார்வை தெளிகின்றது. ஆனால் மடலுக்கும் அடிப்பாகத்திற்கும் இடையே முன்னில்லாத ஓரிடைவெளி உண்டாகிவிட்டது.

அவ்விடைவெளியில் வெள்ளணுக்கள் வந்து குழுமுதலே நாம் கூறவந்த அழற்சி. ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் நோக்கின், வெண்ணிறப் பொடி மணல், காற்றால் அலையலையாக ஒதுக்கப்பட்டதுபோற் காணும். ஆகலின் மருத்துவர் இதற்குச் 'சஹாராவின் மணல்' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். 1998-ல் ஸ்மித், மலோனி என்னும் இருவர் இதனைத் தனியொரு நோயாக வகுத்துரைத்து, 'பரவிய அடுக்கிடை யழற்சி' எனப் பொருள்படும் பெயரளித்தனர். மணல் இடைவெளியிலேயே பரவும். மேலும் கீழும் ஊடுருவாது. கிருமியால் வரும் புண்ணோ பெரும்பாலும் ஓரிடத்தே குவிந்து, நோவும் சிவப்பும் காட்டி, அடுத்த அடுக்குகளையும் அரிக்கும். இரண்டனையும் வேறுபிரித்தறிதல் முதற் கடமை.

நோயின் நடையை நான்கு படிகளாகப் பகுப்பர். முதனாளில் மணல் மடலின் ஓரத்தில் மட்டும் நிற்கும், பார்வைக்குக் குறைவிராது. இரண்டாம் படியில் நடுவிடத்தையும் அடையும். மூன்றாம் படியில், அஃதாவது இரண்டு மூன்று நாட்களில், அணுக்கள் நடுவே கட்டியாகத் திரண்டு பார்வை மங்கும். அப்பொழுது மடலைத் தூக்கிக் கழுவிவிட வேண்டும். அந்நேரம் தப்பினால், நான்காம் படியில் அடிப்பாகம் கரைந்து, வற்றிய ஏரிச் சேறுபோல் வெடிப்புக் கண்டு, தழும்பும் தூரப்பார்வையும் எஞ்சும். மறுநாட் பரிசோதனைக்கு அவசியம் வருக என்று மருத்துவர் சொல்லுவது இதற்காகவும்தான். 'நன்றாகத் தெரிகின்றதே, போவானேன்' என்று இருந்துவிடுபவர் முதலிரு படிகளையும் அறியாமலே கடந்துவிடக்கூடும்.

இதன் காரணம் ஒன்றன்று. அலகிற் படிந்த எண்ணெய், இமைச் சுரப்பிகளின் கசிவு, கையுறைத்தூள், மேற்றோலின் உராய்வு எனப் பலவும் ஐயுறப்பட்டன. அவற்றுள் ஒன்று மிக நுட்பமானது. சில நிலையங்களில் ஒரே நாளிற் சிகிச்சை பெற்ற பலர்க்கு இந்நோய் கூட்டமாக வந்தது. கருவிகளோ நீராவியில் முறைப்படி தூய்மை செய்யப்பட்டவை. உயிருள்ள கிருமி எதுவும் கிட்டவில்லை. 2000-ல் கனடா தேசத்து ஸைமன் ஹாலந்து முதலியோர், நீராவிக் கலத்தின் தண்ணீர்த் தொட்டியை ஆராய்ந்தனர். பானையின் உட்புறத்தே பாசி பிடிப்பதுபோல், அத்தொட்டியின் சுவரிற் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்திருந்தன. நீராவி கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் அதன் மேலுறையிலுள்ள எண்டோடாக்ஸின் என்னும் நஞ்சு 121 பாகை வெப்பத்திற்கு அழிவதன்று. அதனை அழிக்க 250 பாகை உலர்ந்த வெப்பம் அரைமணி நேரம் வேண்டும். செத்த கிருமியின் நஞ்சு கருவியோடு சென்று மடலின் கீழ்த் தங்கிற்று. தொட்டியைத் தூய்மை செய்து உலர்த்தி வைத்தபின் நோய் குறைந்தது. மடலைச் சீவ அலகிற்கு மாறாகப் பெம்டோசெகண்ட் லேசர் வந்தபின்னும் நோய் முற்றும் ஒழிந்ததில்லை. அவ்வொளியின் ஆற்றல் மிகுந்தால் அதுவே அழற்சியைத் தூண்டும்.

சிகிச்சை, ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை மணிக்கொருமுறை விடுதலாகும். தொடக்கத்திற் கண்டால் பெரும்பாலும் தழும்பின்றி நீங்கும். ஆயின் இம்மருந்தை வாரக்கணக்கில் விட்டால் சிலர்க்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். அவ்வழுத்தத்தால் நீர் கசிந்து மடலின்கீழ்த் தேங்க, பழைய மணலே திரும்பிற்று என்று தோன்றும் மங்கல் உண்டாகும். அழுத்தமானியை நடுவில் வைத்தால் அது தேங்கிய நீரின் மெத்தைமேல் அழுந்தி, அழுத்தம் குறைவென்றே பொய்யுரைக்கும். ஓரத்தில் வைத்து அளந்தாலன்றி உண்மை வெளிப்படாது. இதனை யறியாது சொட்டு மருந்தை இன்னும் கூட்டினால் பார்வை நரம்பே பழுதாகும். இங்கே வேண்டுவது மருந்தை நிறுத்தி அழுத்தத்தைத் தணித்தல். தோற்றம் ஒன்றாயிருந்தும் மருத்துவம் நேர்மாறாதலை நோக்குக.

இன்னுமொன்று. மடல் ஒட்டிக்கொள்ளினும் பழைய உறுதியை முற்றும் பெறுவதில்லை. அதனால், சிகிச்சை முடிந்து பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் சென்றபின்னும், பந்தோ மரக்கிளையோ கண்ணிற் பட்டு மேற்றோல் உராய்ந்தால், அதே இடைவெளியில் மணல் மீண்டும் படிதல் உண்டு. அக்காலத்துப் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருப்பர். கண்ணை நோக்கியவுடன் மடலின் விளிம்பு அவர்க்குப் புலப்படாமலும் போகலாம். லேசிக் செய்துகொண்டவர், செய்த ஆண்டையும் சேர்த்து, அதனை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.